உள்ளங்கைப் பக்கம்

ஆற்றை மூடி அதன்மேல் சாலை போட்ட ஊர் எங்களுடையது.
நாஹே இருட்டுக்குள் ஓடுகிறது,
மேலே லாரிகள்.
இடார்-ஓபர்ஸ்டைனில் வழி கேட்டால் இதைத்தான் அடையாளம் சொல்வோம்.
அங்கிருந்து இரண்டாவது சந்தில் என் முலாம் பட்டறை.
மூன்று தொட்டி, ஒரு மின்பெட்டி,
ஈரக் காசை முகர்ந்த மாதிரி வாசனை.
என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

கொரின்னா மோதிரத்தைக் கழற்றி வைத்தாள்.
வெள்ளைத் தங்கம். நடுவில்
பட்டாணி அளவு வெளிர்பச்சை டூர்மலின்.
"கறுப்பாக்கணும்.
கல்லை இல்லை, சுற்றி இருப்பதை."

செய்து கொடுத்த ஓட்மார் கூடவே வந்திருந்தார், தடுக்க.
கல்லின் முகத்தில் கரி பூசுகிறாய் என்றார்.
உலோகம் வெளிச்சத்தை வாங்கிக் கல்லுக்குக் கொடுக்கும்.
கறுப்பு வாங்கும், கொடுக்காது,
கைமாற்று வாங்கிய மச்சான் போல.

பட்டை தீட்டுகிற ஹில்ட்ரூட் எதிர்க்கட்சி:
மாணிக்கமென்றால் யோசிக்கலாம்,
இது வெளிர்க்கல், ஓரம் தெரியாமல் கரைகிறது,
வரப்புப் போடு.
அப்புறம் குரலை உயர்த்தி,
அகேட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து
அமிலத்தில் கருக்கி
ஓனிக்ஸ் என்று விற்ற ஊருக்கு
இப்போது கறுப்பைக் கண்டால் கூச்சமா?

ஓட்மார் கடையின் ரோஸ்விதா தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னாள்:
இழவு வீட்டு நகை.

கொரின்னா எல்லோரையும் முடிக்க விட்டாள்.
"இப்போது இது டம்ளர் தண்ணீர்.
உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.
எனக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும்."

நான் சொன்னது கணக்கு மட்டும்.
ரோடியம் கறுப்பு ஒரு தோல்கூட இல்லை,
தோல்மேல் பட்ட மூச்சு.
மோதிரத்தில் ஒரு வருஷம் நின்றால் அதிர்ஷ்டம்.
கம்மலென்றால் பத்து.
காதைத் தேய்த்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை.

அதிர்வுத் தொட்டிக்கு டூர்மலினை அனுப்பமாட்டேன்.
குழந்தைப் பல்துலக்கியால் கழுவி
செம்புக் கம்பியில் தொங்கவிட்டேன்.
தேநீர் நிறம். துப்பாக்கி நிறம்.
பிறகு அடுப்படி ராத்திரி.
வெளியே எடுத்தபோது கல் கூடுதல் பச்சையாகிவிடவில்லை,
இருந்த பச்சைக்கு
சாய்ந்துகொள்ளச் சுவர் கிடைத்திருந்தது.
ஓட்மார் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.
"பிடிக்கால்களை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கலாம்."
அவர் அகராதியில் அது பாதிச் சம்மதம்.
முழுசு அவரிடம் கிடையாது.

பதினோராம் மாதம் திரும்பி வந்தாள்.
மேல்பக்கம் கறுப்பு அப்படியே.
உள்ளங்கைப் பக்கம் சாம்பல்,
ஓர் ஓரத்தில் வெளுத்துச் சாய்ந்து
கோணல் பிறை.
தேய்மானத்தை வைத்துத் தொழில் சொல்லிவிடுவேன்:
செவிலியருக்குச் சுற்றிலும் ஒரே சீராக,
தோட்டக்காரருக்குப் பொத்தல் பொத்தலாக.
இது பிடிபடவில்லை.
"பஸ்," என்றாள்.
"பிர்க்கன்ஃபெல்டு தடம், காலை ஐந்தேகால் வண்டி."
இல்லாத ஸ்டீயரிங் ஒன்றை
மேசைக்கு மேலே திருப்பிக் காட்டினாள்.

நிற்காத நிறம் நிறமே இல்லை என்றார் ஓட்மார்.
நாளைக்கும் தாடி வளரும், சவரத்தை விட்டுவிட்டாயா
என்றாள் ஹில்ட்ரூட்.
அறுபது யூரோ என்றது தொலைபேசி.

கொரின்னா என் பக்கம் திரும்பினாள்.
"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

இருபத்தாறு வருஷம்.
தொட்டியைப் பார்த்தேன், வெப்பமானியைப் பார்த்தேன்.
கையுறையைக் கழற்றினேன், ஏனென்று தெரியாது.
"இன்னும் ஆறு மாதம்
இப்படியே போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்," என்றேன்.
கல்லாப்பெட்டியில் எச்சில் துப்பியவனைப் பார்ப்பது போல
ஓட்மார் என்னைப் பார்த்தார்.
அவள் மோதிரத்தை மாட்டி,
பிறையை உள்ளங்கைக்குத் திருப்பிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிவதற்கு முன்
மூடிய ஆற்றின்மேல் ஒரு பஸ் போனது.
அவளுடையதா, தெரியாது.
தொட்டியைச் சூடேற்றினேன்.
ஒரு ஜோடிக் கம்மல் காத்திருந்தது,
பத்து வருஷக் கறுப்புக்கு.